முழங்காலுக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கைகால்களைத் திடீரென்று முடக்கிப்போடும் கில்லன்-பாரே நோய் (ஜி.பி.எஸ்.) பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பதில் எழுதுபவர், அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் வார்டில் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்போது பாளையங்கோட்டையில் வசிக்கிறார்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. விசைத்தறி ஓட்டுகிறார். தீபாவளிக்கு முன்னால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்து சரியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கால் மரத்துப்போனது. மாடிப்படி ஏற முடியவில்லை. மறுநாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. 3 வாரம் வென்டிலேட்டரில் இருந்தார். வீட்டுக்கு வந்து 2 மாதம் ஆகிறது. கையை ஓரளவு தூக்குகிறார், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. பாதம் தொங்குகிறது. "மனசு வைத்தால் நடக்கலாம், இவன் சோம்பேறி" என்று மாமனார் தினமும் சத்தம் போடுகிறார். இவர் நடப்பாரா? அவர் படுத்திருக்கும் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மா, புகைப்படத்தைப் பார்த்தேன். கணவரின் இரண்டு முழங்கால்களுக்கும் அடியில் ஒரு தலையணை இருக்கிறது. முதலில் அதை எடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வலி இருப்பவர்களுக்கு முழங்காலை மடக்கி வைத்தால் இதமாக இருக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்கள் பிரியமாகத் தலையணை வைத்துவிடுகிறார்கள். சில வாரம் அப்படியே கிடந்தால் தொடையின் பின்பக்கத் தசைகள் குறுகிவிடும். பிறகு நரம்பு தேறி வந்தாலும் கால் நீளாது. பாதத்துக்கும் இதே கதிதான். தொங்கும் பாதத்தைப் போர்வையின் கனம்கூடக் கீழே அழுத்தும். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் இறுகிவிட்டால், நிற்கும்போது குதிகால் தரையைத் தொடாது. பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தி வைக்கும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. செயற்கை உறுப்புகள் செய்யும் இடத்தில் 'ஏ.எஃப்.ஓ.' என்று கேட்டால் கால் அளவு எடுத்துச் செய்து தருவார்கள். அது வரும்வரை கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையை நிறுத்தி, உள்ளங்கால் அதில் படியும்படி வையுங்கள். ஒரு நாளில் பல தடவை அவருடைய குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளி, 30 வினாடி பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

இனி மாமனாருக்கு வருகிறேன். வயிற்றுப்போக்குக்குப் பிறகு வரும் ஜி.பி.எஸ்.ஸில் அதிகம் பிடிபடும் கிருமி கேம்பைலோபாக்டர் ஜெஜுனி. அதன் மேலுறையில் இருக்கும் சில மூலக்கூறுகள், நம் நரம்பின் மேல் இருக்கும் கேங்லியோசைடு என்ற பொருளின் சாயலில் இருக்கின்றன. கிருமியை அடிக்க உடல் தயாரித்த எதிர்ப்புப் பொருள் ஆள் மாறாட்டத்தில் நரம்பையும் அடித்துவிடுகிறது. டாக்டர்கள் இதை மின்கம்பியை வைத்து விளக்குவார்கள். கம்பியின் மேலுறை மட்டும் கெட்டதா, உள்ளே இருக்கும் செம்பும் கெட்டதா என்பதுதான் கேள்வி. மயலின் என்கிற மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது திரும்ப வளர்ந்துவிடும். உள்ளே ஓடும் ஆக்சான் இழையே சிதைந்திருந்தால், அது வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பிலிருந்து பாதம்வரை எத்தனை அங்குலம் என்று மாமனாரையே அளக்கச் சொல்லுங்கள். மனசு வைத்தால் வேகமாக வளரும் பொருள் இல்லை அது.

டிஸ்சார்ஜ் காகிதங்களுக்குள் நரம்பு மின்கடத்தல் சோதனையின் முடிவு இருக்கும். 'டிமைலினேட்டிங்' (மேலுறைச் சேதம்) என்றோ 'ஆக்சோனல்' (இழைச் சேதம்) என்றோ எழுதியிருப்பார்கள். இரண்டாவது சொல்லைப் பார்த்து இடிந்துபோய் விடாதீர்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் சிலருக்கு இழை சிதையாமல் மின்கடத்தல் மட்டும் தடைபட்டிருக்கும். அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள்.

நடப்பாரா? ஜி.பி.எஸ். வந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 80 பேர் 6 மாதத்தில் பிறர் துணையில்லாமல் நடக்கிறார்கள். வென்டிலேட்டர் வரை போனவர்களுக்கு இதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் பலம் கூடிக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இடுப்பும் தொடையும் முதலில் வரும், பாதம் கடைசியில் வரும். அதனால் பாதம் இன்னும் அசையவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எழுந்து நிற்கும் பயிற்சிக்கு ஓர் எளிய வழி: கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள், ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான இடத்திலிருந்து எழுவதற்குத் தொடைக்குக் குறைந்த பலம் போதும். அவர் சுலபமாக எழத் தொடங்கியதும் ஒவ்வொரு செங்கலாக எடுத்துவிடலாம். முதலில் உட்காரவைத்துச் சில நிமிடம் பொறுத்த பிறகே நிற்க வையுங்கள். இந்த நோயில் ரத்த அழுத்தம் திடீரென்று சரியும், கண் இருட்டிக்கொண்டு வரும். முழங்காலைத் தானாக நீட்டித் தூக்க முடியாதவரின் காலில் மணல்மூட்டை கட்டிப் பயிற்சி கொடுக்கவே கூடாது. எவ்வளவு பயிற்சி போதும் என்பதை மறுநாள் காலையில்தான் பார்க்க வேண்டும். முந்தைய நாளைவிடக் கால் துவண்டிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள்.

தேறி வந்தவர் மறுபடி பலம் இழக்கத் தொடங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நோய் தொடங்கி 8 வாரத்துக்குப் பின்னும் மோசமாகிக்கொண்டே போனால் அது சி.ஐ.டி.பி. என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை கொடுக்கும் முறை வேறு.

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க இடம் இருக்கிறது. வருகிறவரிடம் தலையணை விஷயத்தை மாமனார் முன்னிலையில் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஜி.பி.எஸ். வந்தபோது, நடை தடுமாறிய மூன்றாம் நாளே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மா சிகிச்சை கொடுத்தார்கள். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆனால் சென்னையில் இருக்கும் சித்தி, "தனியாரில் சேர்த்திருந்தால் ஐ.வி.ஐ.ஜி. ஊசி போட்டிருப்பார்கள், இந்நேரம் ஓடியிருப்பாள்" என்கிறார். பணம் இல்லாததால் அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.
– ஒரு மகள், தூத்துக்குடி

பதில்: நன்றாகத் தூங்கு மகளே. உன் சித்தி விலையை வைத்து மருந்தை எடைபோடுகிறார்.

இந்த நோயில் பலன் தருவது என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இரண்டுதான். ஒன்று உன் அம்மாவுக்குச் செய்த பிளாஸ்மா மாற்றம். ரத்தத்தை இயந்திரத்தின் வழியாகச் செலுத்தி, நரம்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் கலந்திருக்கும் பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டு, அதற்கு ஈடாக அல்புமின் போன்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவை செய்வார்கள். இன்னொன்று ஐ.வி.ஐ.ஜி. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் அது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள் ஏற்றுவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம் வேண்டும். 5 கிராம் குப்பி என்றால் 24 குப்பிகள். பில் லட்சக்கணக்கில் ஏறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

எது மேல் என்ற கேள்விக்கு 1997-லேயே பதில் கிடைத்துவிட்டது. பல நாடுகளைச் சேர்ந்த 383 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிளாஸ்மா மாற்றம், ஒரு பிரிவுக்கு ஐ.வி.ஐ.ஜி., மூன்றாவது பிரிவுக்கு முதலில் பிளாஸ்மா மாற்றி அதன்மேல் ஐ.வி.ஐ.ஜி. என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தேறினார்கள். ஊசி போடுவது சுலபம், எந்த மருத்துவமனையிலும் போடலாம். பிளாஸ்மா மாற்றத்துக்கு இயந்திரமும் பழகிய ஆட்களும் கழுத்து ரத்தநாளத்தில் செருகும் குழாயும் வேண்டும். பல இடங்களில் ஊசி முந்திக்கொள்வதற்கு அந்த வசதிதான் காரணம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தச் சிகிச்சையானாலும் சீக்கிரம் தொடங்கியிருக்க வேண்டும். நடை தடுமாறிய மூன்றாம் நாளே அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறாய். நீ செய்திருக்கக்கூடியதில் அதுதான் பெரிய காரியம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இப்போதாவது விண்ணப்பித்து வைத்துக்கொள். அடுத்து சித்தி ஊருக்கு வந்தால், ஒரு வேளை அம்மாவுக்குக் கால் பயிற்சி கொடுக்கச் சொல்.

கேள்வி: எங்கள் 7 வயது மகனுக்கு ஜி.பி.எஸ். என்று சொல்லிச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது நடக்கிறான். ஆனால் மருத்துவமனையில் இருந்தபோதே சுகாதாரத் துறையினர் வந்து இரண்டு தடவை மலம் சேகரித்தார்கள். பிறகு வீட்டுக்கும் வந்து பார்த்தார்கள். "இது போலியோதான், மறைக்கிறார்கள்" என்று ஊரில் பேசுகிறார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றுமோ என்று கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, திண்டிவனம் அருகில்

பதில்: தொற்றாது. ஜி.பி.எஸ். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவதில்லை. அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பையனை நாளைக்கே பள்ளிக்கு அனுப்புங்கள். விளையாட்டு வகுப்பில் ஓடச்சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல சோதனையைப் பற்றி யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வார்டில் பெற்றோர்கள் பயந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கைகால் திடீரென்று துவண்டாலும், காரணம் எதுவாக இருந்தாலும், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பலவீனம் தொடங்கிய 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துப் போலியோ வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 60 நாள் கழித்துக் குழந்தையை மறுபடி வந்து பார்ப்பதும் விதிமுறைதான். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்குப் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. போலியோ திரும்பி வந்துவிடவில்லை என்பதை அதற்குப் பின்னும் உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காவலில் உங்கள் மகனின் பெயரும் ஒரு படிவத்தில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்லலாம். போலியோ பெரும்பாலும் காய்ச்சலோடு வந்து ஒரு காலை மட்டும் பிடிக்கும். ஜி.பி.எஸ். இரண்டு பக்கமும் சமமாக ஏறும். குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகவே தேறுகிறார்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். ஜி.பி.எஸ். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நடக்கிறேன், படி ஏறுகிறேன், டாக்டர் சுத்தியலால் தட்டிப்பார்த்துவிட்டு "நார்மல்" என்கிறார். ஆனால் மதிய உணவுக்குப் பிறகு உடம்பு என் சொல் கேட்பதில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொள்கிறேன். பாதம் எரிகிறது. "ஆள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் சார்" என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். என் மனைவிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கே சில நாள் சந்தேகமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: சார், உங்களுக்கு வந்திருப்பது நடிப்பும் இல்லை, மனபிரமையும் இல்லை. ஜி.பி.எஸ்.ஸிலிருந்து எழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த அசதி இருக்கிறது. ஆய்வுகள் 60 முதல் 80 சதவீதம் என்கின்றன. முதலில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கும் இந்த அசதிக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை. தசையின் பலம் முழுவதும் திரும்பியவர்களுக்கும் வருகிறது. சுத்தியலில் பிடிபடாது. வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வார்டிலிருந்து நடந்து போனவர்கள் பல மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்ன புகார் இதுதான். பூக்கட்டும் அம்மா ஒருவர், "விரல் திரும்பி வந்துவிட்டது டாக்டரம்மா, ஆனால் பத்து முழம் கட்டினால் படுத்துவிட வேண்டியிருக்கிறது" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

முதலில் வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 நான்கையும் பரிசோதியுங்கள். எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரையே தூக்கக் கலக்கத்தைத் தரலாம். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வும் இந்த நோய்க்குப் பின்னால் வருவதுதான். அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பிறகு சைக்கிள். நெதர்லாந்தில் கடுமையான அசதி இருந்த 20 பேருக்கு 12 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, கண்காணிப்போடு சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில் அசதி குறைந்தது, உடல் திறன் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இந்த அசதிக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த அமான்டடின் பலன் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், என் ஓட்டு சைக்கிளுக்குத்தான். நகராத சைக்கிள் போதும். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டுங்கள். காய்ச்சல் வந்த வாரம் ஓட்டாதீர்கள்.

பள்ளியில் உங்கள் கால அட்டவணையை மாற்றிக் கேளுங்கள். பாடம் நடத்தும் வகுப்புகளெல்லாம் மதியத்துக்கு முன்பு, தாள் திருத்துவதும் பதிவேடு எழுதுவதும் பிறகு. உயரமான ஸ்டூல் ஒன்று வகுப்பில் இருக்கட்டும். களைத்த பிறகு ஓய்வெடுப்பது தாமதம். களைப்பதற்கு முன்பே, உணவு இடைவேளையில் இருபது நிமிடம் படுக்க ஓர் இடம் தேடிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குக் கொடுக்க, "ஜி.பி.எஸ்.ஸுக்குப் பின்னான அசதி" என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இருந்தால் சிரிப்பு குறையும். வீட்டில் மனைவிக்கு இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: 9 வருடம் முன்பு எனக்கு ஜி.பி.எஸ். வந்தது. நேற்று தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நாய்க்கடி ஊசியால் வாதம் வரும் என்று என் பெரியப்பா சொல்கிறார். கடிதம் அச்சில் வரும்வரை காத்திருக்க முடியாது, உடனே பதில் தாருங்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: இவருக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம், ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பா சொல்வது பொய்யில்லை, பழையது. அவர் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள். 1911-இல் இமாச்சலத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் உருவாக்கிய மருந்து அது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரானது. அதில் கலந்திருந்த நரம்புத் திசு காரணமாகச் சிலருக்கு ஜி.பி.எஸ். உட்பட நரம்பு நோய்கள் வந்தது உண்மை. அந்த மருந்தை இந்தியா 2005 வாக்கில் கைவிட்டுவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பு முறையில் தயாராகும் ஊசி, நரம்புத் திசு கிடையாது.

ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால் ஜி.பி.எஸ். வந்தவராக இருந்தாலும் கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். பழைய நோயைச் சொல்லுங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து ஊசியைத் தள்ளிப்போட யாரையும் அனுமதிக்காதீர்கள். இன்னொரு விஷயம்: ரேபிஸே சிலருக்கு வெறி இல்லாமல் வாதமாக வரும், பார்ப்பதற்கு ஜி.பி.எஸ். போலவே இருக்கும். கால் துவண்டு வருபவரிடம் "நாய் கடித்ததா?" என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

ஃப்ளூ போன்ற மற்றத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. ஓர் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் ஜி.பி.எஸ். வந்திருந்தால் அதே ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதை உங்கள் நரம்பியல் டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மகளுக்குக் கல்லூரியில் படிக்கும்போது ஜி.பி.எஸ். வந்து முழுவதும் குணமாகிவிட்டது. இப்போது வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் தரகர். மறுபடி வருமா? குழந்தை பெற்றால் ஆபத்தா? பரம்பரையாக வருமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: பரம்பரை நோய் இல்லை. மறுபடி வருவது 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு மட்டும். குழந்தை பெற்றுக்கொள்ளத் தடை இல்லை. மகப்பேறு டாக்டரிடமும், எப்போது அறுவை சிகிச்சை நடந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடமும் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். சில தசைத்தளர்வு மருந்துகளை அவர்கள் தவிர்ப்பார்கள்.

இதிலேயே உங்கள் தரகருக்கும் பதில் இருக்கிறது. பிரசவ அறையில் டாக்டர் கேட்கும்போது கணவனுக்குத் தெரியாமல் உங்கள் மகள் எப்படிச் சொல்வாள்? சொல்லிவிடுங்கள். யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மகள் முடிவு செய்யட்டும், தரகர் வேண்டாம். மூச்சு விடவே போராடி மீண்டு வந்த பெண்ணைக் குறையாகப் பார்க்கும் வீடு என்றால் இப்போதே தெரிந்துகொள்வது லாபம்.

கேள்வி: அப்பாவுக்கு ஜி.பி.எஸ். வந்து தோளும் கையும் இன்னும் பலம் பெறவில்லை. எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான் ஒருவர் எண்ணெய்த் தடவலும் கிழி ஒத்தடமும் கொடுத்து நாற்பத்தொரு நாளில் சரி செய்வதாகச் சொல்கிறார். போகலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: மெதுவாக எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை, இதமாக இருக்கும், மனிதத் தொடுகை நல்லது. ஆனால் அதனால் நரம்பு வேகமாக வளராது. போவதாக இருந்தால் மூன்றைக் கவனியுங்கள். பலமில்லாத தோளை இழுக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். தசை பிடித்துக்கொள்ளாத தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும். மரத்துப்போன தோலில் சூடான கிழியோ வெந்நீர்ப் பையோ கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும். பெயர் சொல்லாத பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு பலன் தருவதில்லை, பொடியில் அது கலந்திருந்தால் சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம்.

விரலுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. பல்லாங்குழி. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடுவதைவிட நல்ல விரல் பயிற்சியை எந்தக் கருவியிலும் நான் பார்த்ததில்லை. அப்பாவோடு நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். அவர் தோற்றால் கோபப்படுவார், அதுவும் நல்ல அறிகுறிதான்.

கேள்வி: மகன் புனேயில் வேலை பார்க்கிறான். அங்கே இந்த நோய் பரவியதாகச் செய்தியில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ஊருக்கு வரச்சொல்லவா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: 2025 தொடக்கத்தில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் 200-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலரின் மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் கிருமி இருந்தது, குடிநீர் மாசுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. அந்தக் கிருமியால் வயிற்றுப்போக்கு வருபவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே ஜி.பி.எஸ். வருகிறது. வேலையை விட்டு வரச்சொல்லாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். கோழியை நன்றாக வேகவைக்க வேண்டும், பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. வயிற்றுப்போக்குக்குப் பிறகு இரண்டு காலும் ஒரே நேரத்தில் மரத்து, மேலே ஏறினால் மட்டும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனையாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஜி.பி.எஸ். வந்து 8 மாதம் ஆகிறது, கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். பைக் ஓட்டலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: கியர் பைக்கில் பின் பிரேக் வலது பாதத்தில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி வலது பாதத்தின் முன்பகுதியை வேகமாகத் தட்டிப் பாருங்கள். தாளம் தப்பாமல் தட்ட முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு, பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்று உணர முடிகிறதா? சிக்னலில் வண்டியைத் தாங்க ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இன்னும் நேரம் வரவில்லை. எரிச்சலுக்குத் தூக்கம் தரும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் வண்டியைத் தொடாதீர்கள். மூன்றும் முடிந்தால் முதலில் கைப்பிரேக் உள்ள ஸ்கூட்டரில், காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். அதுவரை பின்சீட்டில் போகலாம். பாதம் வழுக்காமல் இருக்க ஹவாய் செருப்பை விட்டுவிட்டு, பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ அணியுங்கள்.